மானியம் வந்தது, மோட்டாருக்குப் போனது

சில ஆண்டுகளுக்கு முன் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் 30 பெண்களுக்குக் குழித்தட்டு நாற்றங்கால் பயிற்சி கொடுத்தோம். மட்கிய தேங்காய் நார்க்கழிவைத் தட்டில் நிரப்புவது, குழிக்கு ஒரு விதை வைப்பது, தட்டுகளை அடுக்கி பாலித்தீன் தாளால் மூடி முளைக்க விடுவது, பிறகு நிழல்வலைக்குள் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிப்பது என ஐந்து நாள் செய்து காட்டினோம். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் ரூ.15,000 தொடக்க மானியம் ஏறியது. தட்டும் வலையும் வாங்கிய ரசீதுகளை நானே சரிபார்த்தேன். '30 பெண்கள் தொழில் தொடங்கினர்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து, தக்காளியில் இலைச்சுருட்டு நச்சுயிரி பார்ப்பதற்காக அதே ஊர்களுக்குப் போனேன். நாற்றங்கால் நடத்திக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர்தான். ஒரு வீட்டில் நிழல்வலை மாட்டுக் கொட்டகைக்கு மேலே கிடந்தது. இன்னொரு வீட்டில் குழித்தட்டுகளைக் கோழிக்குஞ்சு அடைக்கக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதிகம் கேள்வி கேட்டவர். "ஏம்மா விட்டுட்டீங்க?" என்றேன்.

"ரெண்டாவது பேட்சுக்கு விதை வாங்க வெச்சிருந்த காசு மேடம். தோட்டத்துல மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. அவரு கேட்டாரு. தக்காளி காய் புடிக்கிற நேரம், தண்ணி இல்லாம விட முடியுமா? நம்ம தோட்டந்தானே, குடுத்துட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் தவறு எதுவுமில்லை. அவர் கணவர் குடிகாரரும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. காய்ப்பில் நிற்கும் பயிருக்கு நீர் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் மோட்டார் ஓடத் தொடங்கிய அன்று அந்தப் பெண்ணின் தொழில் நின்றுபோனது. தக்காளி விற்ற பணத்திலிருந்து அந்தக் காசு திரும்பி வரவில்லை. திரும்ப வர வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நார்க்கழிவில் உப்புத்தன்மை எவ்வளவு இருக்கலாம் என்று அரை நாள் பேசிய நான், அந்த 15,000 ரூபாய் யார் கையில் தங்கும் என்று ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை.

இலங்கையில் கண்ட புதிர்

இது பாலக்கோட்டுக் கதை மட்டுமல்ல. 2005 முதல் சில ஆண்டுகள், இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில் செய்வோரில் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்பில் மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பச் செலுத்த வேண்டியதில்லை. ஆண்கள் நடத்திய தொழில்களில் லாபம் கூடியது. பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாகப் பார்த்தால் எதுவும் கூடவில்லை.

இதை மேலோட்டமாகப் படித்த பலர், 'பெண்களுக்குத் தொழில் வராது, மானியம் வீண்' என்ற முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். சரி, பயிற்சி இல்லாததுதான் குறையோ என்று அதே ஆய்வாளர்கள் பின்னர் கொழும்பு, கண்டிப் பகுதிகளில் பெண்களுக்கு மட்டும் தொழில் பயிற்சி கொடுத்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது லாபம் உயரவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபாய் மானியமும் கொடுத்தபோது நன்றாகவே உயர்ந்தது. ஆனால் இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் கரைந்துவிட்டது. என் 30 பேர் கணக்கும் ஏறக்குறைய இதுதான். அந்த ஆய்வைப் பயிற்சிக்கு முன்பே படித்திருந்தால் அவ்வளவு தைரியமாக அறிக்கை எழுதியிருக்க மாட்டேன்.

புதிரை அவிழ்த்தது 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு. ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இந்தியா, கானா, இலங்கை மூன்று நாடுகளின் பழைய தரவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். இந்த முறை அவர்கள் கேட்ட கேள்வி, அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா என்பது. வீட்டில் அந்தப் பெண் ஒருவர் மட்டுமே தொழில் செய்பவராக இருந்தால், கொடுத்த பணம் ஆண்களிடம் பெருகிய அளவுக்கே அவரிடமும் பெருகியிருந்தது. கணவரும் தொழில் செய்த வீடுகளில்தான் பெண்ணின் தொழில் அப்படியே நின்றது. பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது.

விவசாயக் குடும்பத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. நம் வீடுகளில் 'கணவரின் தொழில்' என்பது தோட்டம். தோட்டம் எல்லோருடையது என்று சொல்வோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் உள்ள சாகுபடி உடைமைகளில் பெண்கள் கையில் இருப்பவை சுமார் 14 சதவீதம்தான். களை எடுப்பது, நாற்று நடுவது, காய் பறிப்பது என உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது என்பது வயலில் நிற்கும் யாருக்கும் தெரியும். ஆனால் பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு ரூ.6,000 நில உரிமையாளர் கணக்கில்தான் ஏறும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். மோட்டார் மாற்ற மானியம் உண்டு, சொட்டுநீருக்கு மானியம் உண்டு, எல்லாவற்றுக்கும் நில ஆவணம் வேண்டும். இப்படித் தோட்டத்துக்குப் பணம் வரப் பல வாசல்கள் இருக்கின்றன. நாற்றங்காலுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு 15,000. காயில் எரிந்த அன்று அவசரத்துக்குத் திறந்தது அந்த வாசல்தான்.

எஞ்சிய நால்வர்

நான்கு பேர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர்கள் வளர்த்த நாற்று மற்றவர்கள் நாற்றைவிடத் தரமானது என்று சொல்ல முடியாது. ஒருவருடைய தட்டில் நாற்றழுகல்கூட இருந்தது. நீரைக் குறைத்து, டிரைக்கோடெர்மா போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒருவரின் கணவர் பெங்களூரில் கட்டட வேலை. வீட்டில் தோட்டம் இல்லை, மோட்டாரும் இல்லை. இன்னொருவர் தன் பணத்தை அஞ்சலகக் கணக்கில் போட்டு, பாஸ்புத்தகத்தை அம்மா வீட்டில் வைத்திருந்தார். "இங்க இருந்தா எடுத்துக் குடுத்துடுவேன் மேடம், எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல" என்று சிரித்தார். மூன்றாமவர் மாமியார் துணையோடு நடத்தினார். அந்தப் பாட்டி இருக்கும்வரை யாரும் காசில் கை வைக்க முடியாது.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருக்குக் கணவரும் உண்டு, ஒன்றரை ஏக்கர் தோட்டமும் உண்டு. அவரிடம் இரண்டு சுருக்குப்பைகள் இருந்தன. ஒன்று வீட்டுக்கு, ஒன்று நாற்றுக்கு. நாற்று விற்ற காசு முழுவதும் நாற்றுப் பைக்குள் போகும். அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை தனக்குக் கூலி என்று ஒரு தொகையை எடுத்து வீட்டுப் பையில் போடுவார். வீட்டுச் செலவு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம், மொய் எல்லாம் வீட்டுப் பையிலிருந்துதான். கூலிக்கு மேல் நாற்றுப் பையைத் தொடுவதில்லை. அவர் வீட்டிலும் ஒருமுறை மோட்டார் கெட்டிருக்கிறது. நாற்றுப் பையிலிருந்து ரூ.4,000 கொடுத்திருக்கிறார். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் '4000 தோட்டம்' என்று எழுதி வைத்திருந்தார். தக்காளி மண்டியில் விற்றுப் பணம் வந்த அன்று அதை அடித்திருந்தார். "கைமாத்து வாங்கினா யாரா இருந்தாலும் குடுத்துத்தானே ஆவணும்?" என்றார், ஏதோ சாதாரண விஷயம் போல.

இதை அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் அப்பா சந்தையில் வெற்றிலை வியாபாரம் செய்தவராம். அவர் மடியில் இரண்டு முடிச்சு இருக்குமாம்.

டொமினிகன் குடியரசில் சிறுதொழில் செய்வோரை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு குழுவுக்குத் தொழில் காசையும் வீட்டுக் காசையும் பிரித்து வை, உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள் என்பது போன்ற எளிய விதிகள் மட்டும். கணக்கியல் பாடத்தால் பெரிய மாற்றமில்லை. எளிய விதிகளைக் கற்றவர்கள் கணக்கு வைக்கும் விதம் மேம்பட்டது. வெற்றிலை வியாபாரியின் மடியிலிருந்த அந்த இரண்டு முடிச்சுகள்தாம் அவை.

கடனுக்குப் போன நாற்று

தொழிலை விட்ட 26 பேரில் எல்லோருடைய காசும் மோட்டாருக்குப் போகவில்லை. ஏறத்தாழ பாதிப் பேரை வீழ்த்தியது கடன் வியாபாரம். நாற்று ஒரு விசித்திரமான சரக்கு. தக்காளி நாற்று 25ஆம் நாள் நடவுக்குத் தயார். 35 நாள் தாண்டினால் நெட்டையாகி, வேர் குழிக்குள் சுருண்டு, நட்டாலும் தேறாது. 25 நாளுக்கும் 35 நாளுக்கும் நடுவே விற்றாக வேண்டும். இது வாங்குபவருக்கும் தெரியும். "இப்ப எடுத்துக்கறேன், காய் வித்து தரேன்" என்பார். கேட்பவர் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். இல்லை என்று சொல்ல முடியாது. நட்டு, முதல் காய் பறித்துப் பணம் வர இன்னும் 70 நாள் ஆகும். அந்த நேரம் பாலக்கோடு மண்டியில் விலை சரிந்தால், பறிக்கும் கூலிகூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விடுவார்கள். அவரிடம் போய் நாற்றுக் காசு எப்படிக் கேட்பது?

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

98 குழித் தட்டு 300 எடுத்துக்கொள்வோம். இணை வரிசை நடவில் ஏக்கருக்குச் சுமார் 9,400 நாற்று, அதாவது 96 தட்டு தேவை. எனவே 300 தட்டு என்பது மூன்று ஏக்கருக்கான நாற்று. வீரிய ஒட்டு விதைக்கு ரூ.7,200. தட்டுக்கு 1.2 கிலோ வீதம் 360 கிலோ நார்க்கழிவுக்கு ரூ.4,500. உயிர் உரம், உயிர்ப் பூஞ்சாணக்கொல்லி, 18ஆம் நாள் தெளிக்கும் 19:19:19 நீரில் கரையும் உரம் எல்லாம் சேர்த்து ரூ.900. தட்டு நிரப்ப, விதைக்க ஆள்கூலி ரூ.1,800. மொத்தம் ரூ.14,400. முளைக்காதது, நோஞ்சான் போக 27,000 நாற்று தேறினால், நாற்று 80 காசு வீதம் ரூ.21,600. மிச்சம் ரூ.7,200. காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் உழைத்த அந்தப் பெண்ணின் கூலியும் இதற்குள்தான் இருக்கிறது.

கைமேல் காசென்றால் அதே 14,400 ஒவ்வொரு மாதமும் சுழலும். கடனுக்குக் கொடுத்தால்? விதைத்த நாளிலிருந்து 95 நாள் கழித்துத்தான் முதல் காசு. மாதம் ஒரு பேட்ச் என்றால் அதற்குள் நான்கு பேட்ச் போட்டிருப்பார். ரூ.57,600 முடங்கிய பிறகே முதல் ரூபாய் கைக்கு வரும். நாங்கள் கொடுத்ததோ 15,000. அதிலும் பெரும்பகுதி தட்டுக்கும் வலைக்கும் போய்விட்டது. அந்தத் தொழில் நிற்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

காலண்டர் வைத்திருந்த அந்தப் பெண் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விதையை விவசாயியே வாங்கிக் கொடுக்க வேண்டும், இவர் வளர்ப்புக் கூலி மட்டும் வாங்குவார். நாற்றுக்கு 50 காசு என்று வைத்தால் ரூ.13,500. செலவு விதை போக ரூ.7,200. மிச்சம் ரூ.6,300. முன்னதைவிட 900 ரூபாய் குறைவுதான், ஆனால் போட வேண்டிய முதல் சரிபாதி. முளைப்புத்திறன் குறைந்தால் விதைக் கடையோடு பேச வேண்டியது விவசாயி. தன் விதை அங்கே இருக்கிறது என்பதால் 25ஆம் நாள் சரியாக வந்து எடுத்தும் போவார். அவர் வாங்கிக் கொடுத்த விதைக்கு இவரிடம் கடன் சொல்லவும் கொஞ்சம் கூச்சப்படுவார். பாலக்கோடு மட்டுமல்ல, காய்கறி விளையும் பல ஊர்களில் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நாங்கள் பயிற்சியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சிலர் பிழைத்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

கணக்கு யார் பெயரில், செய்தி யார் கைப்பேசியில்

'மகளிர் குழுவில் இதெல்லாம் சொல்லித் தருகிறார்களே' என்று நீங்கள் கேட்கலாம். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கப்பட்டது இதே தர்மபுரியில்தான். சேமிப்பு, உள்கடன், தவறாத தவணை, தீர்மானப் புத்தகம் எல்லாவற்றிலும் நம் பெண்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் நான் பார்த்தவரை அந்தப் புத்தகம் குழுவின் புத்தகம். தான் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பைசா சுத்தமாகத் தெரியும். தன் ஆட்டில், தன் மாட்டில், தன் நாற்றில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் பதில் இருக்காது. கடனைத் திருப்பக் கற்றுக் கொடுத்த அளவுக்கு லாபத்தை எண்ணக் கற்றுக் கொடுக்கவில்லை.

தவணை நாளும் தொழிலின் நாளும் பொருந்துகிறதா என்றும் யாரும் பார்ப்பதில்லை. பால் மறுநாளே காசு. சிப்பிக்காளான் படுக்கை போட்டு 20 முதல் 25 நாளில் முதல் அறுவடை. வெள்ளாடு அப்படியல்ல. சினைக்காலமே ஐந்து மாதம், குட்டி விலைக்கு வர மேலும் ஆறு மாதமாவது ஆகும். ஆட்டுக்கு வாங்கிய கடனுக்கு அடுத்த மாதமே தவணை என்றால், அதைக் கட்டுவது ஆடு அல்ல, அவர் களை எடுத்துச் சம்பாதித்த கூலி. பிறகு ஆட்டை விற்றுக் கடனை அடைப்பார்கள். அதிகாரிகள், வங்கியாளர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. அவர்களிடம் கேட்கிறேன்: மானியத்தை ஒரே நாளில் போடாமல், முதல் பேட்சுக்கு முன் பாதி, முதல் விற்பனைக்குப் பிறகு மீதி என்று போட முடியாதா? காயில் எரியும் நாள் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டாவது பாதி இன்னும் வரவில்லை என்றால் அன்றைக்கு அது எரிக்கப்படாது.

வங்கிக் கணக்கு விஷயத்தில் மத்தியப் பிரதேசத்தின் வட மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 2021இல் வெளியானது. நூறு நாள் வேலையில் பெண்ணின் கூலியும் அங்கே பெரும்பாலும் குடும்பத் தலைவர் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. சில ஊர்களில் பெண்களுக்குத் தனிக் கணக்கு மட்டும் தொடங்கினார்கள். சில ஊர்களில் தனிக் கணக்கு, அதில் நேரடியாகக் கூலி, அந்தக் கணக்கைப் பயன்படுத்தச் சிறிய பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்த ஊர்களில் பெண்கள் வேலைக்குப் போவது கூடியது, அரசு வேலைக்கு மட்டுமல்ல, வெளி வேலைக்கும். 'வேலைக்குப் போகக் கூடாது' என்ற கட்டுப்பாடு அதிகமாக இருந்த வீடுகளில்தான் மாற்றம் அதிகம். வெறும் கணக்கு மட்டும் தொடங்கிக் கொடுத்த ஊர்களில் அந்த அளவுக்கு மாற்றமில்லை.

நம் ஊரில் பெண்களுக்குக் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் ரூ.1,000 வீதம் தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குக்குப் போனது. இது தொழில் முதலுக்கான பணம் அல்ல, வீட்டில் அவர்கள் செய்யும் கூலியில்லா வேலைக்கான உரிமை. ஆனால் ஒரு நன்மை உண்டு. எண்ணெய்க்கும் பருப்புக்கும் அந்த ஆயிரம் இருந்தால் நாற்றுப் பையைத் திறக்க வேண்டியதில்லை. எனவே உரிமைத் தொகை வரும் கணக்கை வீட்டுப் பையாக வையுங்கள். தொழிலுக்கு அஞ்சலகத்திலோ வேறு வங்கியிலோ இன்னொரு கணக்கு. அந்தக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாருங்கள். நான் கேட்ட பல வீடுகளில் கணக்கு மனைவி பெயரில், குறுஞ்செய்தி கணவர் கைப்பேசியில், ஏ.டி.எம். அட்டையும் அவர் சட்டைப் பையில். பணம் ஏறியதே மனைவிக்கு மாலையில்தான் தெரியும்.

கணவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். மோட்டாருக்கு அவசரம் என்றால் கேளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள். காலண்டரில் எழுதிவிட்டு வாங்குங்கள். மண்டிக் காசு வந்த அன்று திருப்பிக் கொடுங்கள். மாதம் ஆறாயிரம் வரும் ஒரு தொழிலை ஒரு காயிலுக்காக முழுதாக விழுங்கினால், அடுத்த முறை காயில் எரியும்போது வீட்டில் கேட்க ஆள் இருக்காது, கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

பெண்களே, நாற்றங்கால் தொடங்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயங்கள். நாற்று விற்பனைக்கு விதை விற்பனை உரிமம் தேவை. விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் விதை ஆய்வாளரை முதலிலேயே பாருங்கள். வளர்ப்புக் கூலி முறை என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. விவசாயி கொண்டுவரும் விதைப் பொட்டலத்தின் காலி உறையையும் ரசீது நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை நாற்றில் கலப்பு என்று பேச்சு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த உறைதான். இரண்டாவது, ஆடிப் பட்டத்துக்கு நடவு என்றால் ஆனியிலேயே தட்டு நிரப்பியாக வேண்டும். யார் யாருக்கு எத்தனை தட்டு, விதை எந்தத் தேதிக்குள் வரும், வளர்ப்புக் கூலியில் பாதி முன்பணம் யார் கொடுத்தார், இதை எழுதாமல் ஒரு தட்டையும் நிரப்பாதீர்கள்.

இப்போது நடத்தும் பயிற்சிகளில் ஐந்தாம் நாளை நார்க்கழிவிலிருந்து எடுத்துப் பணத்துக்குக் கொடுத்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டையை வைத்து இரண்டு சுருக்குப்பைக் கணக்கு. மதியத்துக்கு மேல் கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு, காயில் எரிந்தால் என்ன செய்வது என்று அவர்கள் முன்னாலேயே பேசவைக்கிறோம். சென்ற முறை அப்படிப் பேசும்போது பின்வரிசையில் இருந்த ஒரு கணவர் எழுந்து, "மேடம், நான் போன வருஷம் வாங்கினது எட்டாயிரம். அதையும் எழுதணுமா?" என்று கேட்டார். அவர் மனைவி பதில் சொல்வதற்குள் மாமியார் சொல்லிவிட்டார்: "எழுதுடா."